ஹெல்மெட் என்ற சொல் எங்கிருந்து வந்தது?

மெய்ப்புமேசை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பள்ளிப் பிள்ளைகளுக்கான சாலைப் பாதுகாப்புக் கையேடு ஒன்று மெய்ப்புக்கு வந்திருக்கிறது. எழுதியவர் ஒரு பக்கத்தில் ‘தலைக்கவசம்’ என்கிறார், அடுத்த பக்கத்தில் ‘ஹெல்மெட்’ என்கிறார், ஓரிடத்தில் ‘தலைக்காப்பு’ என்றும் இருக்கிறது. எதை வைத்துக்கொள்வது என்று அகராதியைப் புரட்டியபோது வேறொன்று கண்ணில் பட்டது. ஹெல்மெட் என்றால் ‘சிறிய ஹெல்ம்’ என்று பொருளாம். பாக்கெட், சிகரெட் ஆகியவற்றில் வருகிற அதே ‘எட்’.

அப்படியென்றால் பெரிய ஹெல்ம் எது? கப்பலின் சுக்கானையும் ஆங்கிலத்தில் ஹெல்ம் என்கிறார்களே, அதற்கும் இதற்கும் உறவு உண்டா? இந்தச் சொல்லின் அடிப்படைப் பொருள் இரும்பா, தலையா, காவலா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வேர்ச்சொல் எழுதியது:

நல்ல கேள்வி அம்மா. முதலில் பெரியதையும் சிறியதையும் பார்ப்போம்.

‘ஹெல்ம்’ பழைய ஆங்கிலத்திலேயே இருந்த சொல். ஜெர்மன், டச்சு, நார்டிக் மொழிகள் எல்லாவற்றிலும் அதற்கு உடன்பிறப்புகள் உண்டு. ஜெர்மன் மொழியில் இன்றைக்கும் பைக் ஓட்டுகிறவர் தலையில் இருப்பது ‘ஹெல்ம்’தான். ஜெர்மானிய இனத்தவரான பிராங்குகள் இன்றைய பிரான்ஸ் நாட்டுக்குள் குடியேறியபோது தங்கள் சொல்லையும் கொண்டுபோனார்கள். பழைய பிரெஞ்சு அதை எடுத்துக்கொண்டு, சிறுமை விகுதியான ‘எட்’டையும் ஒட்டியது. அந்தப் பிரெஞ்சு வடிவம் 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் நிலைபெற்றது. ஆக, ஆங்கிலேயர் தம்மிடம் ஏற்கெனவே இருந்த சொல்லின் உறவையே பிரெஞ்சுச் சட்டை போட்டு மீண்டும் வாங்கிக்கொண்டார்கள்.

பெரிய ஹெல்ம் என்பது 13ஆம் நூற்றாண்டுக் குதிரைவீரன் அணிந்த இரும்பு உருளை. முழுத்தலையையும் முகத்தையும் மூடும். கண்ணுக்கு ஒரு நீளமான கீறல், மூச்சுக்குச் சில துளைகள், அவ்வளவுதான். அதற்குள்ளே காற்றும் குறைவு, பார்வையும் குறைவு. அதனால் பல வீரர்கள் உள்ளே தலையோடு ஒட்டிய சிறிய இரும்புத் தொப்பி ஒன்றையும் அணிந்தார்கள். ஈட்டியோடு குதிரையில் பாய்கிற முதல் மோதல் முடிந்ததும் பெரியதைக் கழற்றிவிட்டுச் சிறியதோடு சண்டையைத் தொடர்வார்கள். காலப்போக்கில் சிறியதே வளர்ந்து, முகமூடியும் கழுத்துக்காப்பும் பெற்று, பெரியதை ஓரங்கட்டியது. பெயரிலும் அதுதான் நடந்தது. பொருளிலும் சொல்லிலும் சிறியதே நிலைத்தது.

உங்கள் கடைசிக் கேள்விதான் முக்கியமானது. அடிப்படைப் பொருள் இரும்பும் அல்ல, தலையும் அல்ல. ‘மறைப்பு’. விரிவாக இரவில் எழுதுகிறேன்.

தோணித்துறை எழுதியது:

சுக்கான் பற்றி நான் சொல்லிவிடுகிறேன். கப்பல் ஹெல்ம் வேறு சொல். பழைய ஆங்கிலத்தில் அது ‘ஹெல்மா’. கோடரியின் காம்பைக் குறிக்கும் ‘ஹெல்வ்’ என்ற சொல்லுக்கு உறவு என்பார்கள். பிடித்துத் திருப்புகிற கைப்பிடி என்பதே அதன் கருத்து. எழுத்தில் ஒன்றாகத் தெரிவதால் பலரும் குழம்புகிறார்கள். ஒரு நிறுவனத்தின் ‘ஹெல்ம்’மில் ஒருவர் இருக்கிறார் என்று ஆங்கிலச் செய்தியில் வந்தால், அவர் சுக்கான் பிடித்திருக்கிறார் என்று பொருள். தலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நம் சுக்கானும் வெளியிலிருந்து வந்ததுதான். அரபு மொழியின் ‘சுக்கான்’. கடலில் யாரோடு பழகினோமோ அவர்கள் சொல் கரைக்கும் வந்துவிட்டது.

கீழடிமகன் எழுதியது:

வேர்ச்சொல் ஐயா, ‘மறைப்பு’ என்று சொல்லி நிறுத்திவிட்டீர்கள். மறைப்பைக் குறிக்கும் வேர் ‘கெல்’ என்று நானும் படித்திருக்கிறேன். தமிழில் ‘கள்’ என்ற வேர் இருக்கிறதே! கள்ளம், களவு, கள்வன், கரவு எல்லாம் மறைத்தலே. லத்தீனில் மறைப்பதற்குக் ‘கேலாரே’ என்கிறார்கள். கள், கெல், கேல்! இதைவிட என்ன சான்று வேண்டும்? தமிழிலிருந்து போனது என்று சொல்லத் தயங்குவது ஏன்?

பொதிகைச்சாரல் எழுதியது:

எனக்கும் கேட்கக் கேட்க ஒன்றுபோலத்தான் இருக்கிறது. ஐயா வரட்டும்.

வேர்ச்சொல் எழுதியது:

கீழடிமகன் தம்பி, உங்கள் ஆர்வத்தை மதிக்கிறேன். தமிழ் மீது எனக்கும் அதே பற்றுதான். அதனாலேயே கறாராகப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

இரண்டு சொற்கள் ஒலியில் ஒத்திருப்பது உறவுக்குச் சான்று ஆகாது. ஒலி மாறுகிற ஒழுங்குதான் சான்று. லத்தீனில் ‘க’ ஒலியோடு தொடங்கும் பழைய சொற்கள் ஜெர்மானிய மொழிகளில் ‘ஹ’ ஒலியோடு தொடங்கும். லத்தீனின் ‘கோர்னு’ ஆங்கிலத்தில் ‘ஹார்ன்’, கொம்பு. ‘கெந்தும்’ என்பது ‘ஹன்ட்ரட்’, நூறு. ‘கானிஸ்’ என்பது ‘ஹவுண்ட்’, நாய். ‘கோர்’ என்பது ‘ஹார்ட்’, இதயம். இந்த வரிசையில்தான் ‘கேலாரே’யும் பழைய ஆங்கிலத்தின் ‘ஹெலன்’னும் வருகின்றன. இரண்டுக்கும் மறைத்தல் என்றே பொருள். ‘ஹெல்ம்’ அந்த ‘ஹெலன்’ வீட்டுப் பிள்ளை.

‘கள்’ளுக்கு அப்படி ஒரு வரிசையைக் காட்ட முடியுமா? தமிழின் க, லத்தீனின் க, ஜெர்மானிய ஹ என்று பத்து அடிப்படைச் சொற்கள் பொருளும் ஒலியும் பொருந்தி வரிசையாக நிற்க வேண்டும். ஒரு ஜோடியை வைத்து உறவு கொண்டாடினால், நாளை எவரும் எந்த மொழியிலிருந்தும் தமிழ் பிறந்தது என்றும் சொல்லிவிடலாம். அதற்கு நாம் இடம் கொடுக்கக் கூடாது.

இனி அந்த வீட்டைப் பார்ப்போம். மிகப் பெரிய குடும்பம்.

‘ஹெல்’, நரகம். பழைய ஜெர்மானிய நம்பிக்கையில் அது கண்ணுக்கு மறைந்த கீழுலகம். தீச்சட்டியும் எண்ணெய்க் கொப்பரையும் பிறகு வந்தவை. ‘ஹால்’, கூரையால் மூடப்பட்ட கூடம். ‘ஹல்’, தானியத்தின் உமி, பயற்றின் தோல். லத்தீன் வழியில் ‘செல்லா’ என்ற சிற்றறை, அதிலிருந்து சிறை அறையைக் குறிக்கும் ‘செல்’, உடலின் ‘செல்’, கடைசியில் நம் செல்போன். மறைபொருளான வித்தைகளைக் குறிக்கும் ‘அக்கல்ட்’டும் இங்கேதான். நிறத்தைக் குறிக்கும் ‘கலர்’கூட, மேலே மூடியிருப்பது என்ற பொருளில் இதே வேரிலிருந்து வந்ததாகவே கருதப்படுகிறது. வீட்டு ஹால், கையில் செல், சுவரில் கலர், வண்டியில் ஹெல்மெட் என்று தமிழர் தினமும் இந்த ஒரே வேரை நான்கு முறை உச்சரித்துவிடுகிறோம்.

கிரேக்கத்தில் ‘கலுப்தெய்ன்’ என்றால் மூடுதல். மூடியதைத் திறந்து காட்டுவது ‘அப்போகலிப்ஸ்’. நன்றாக மூடப்பட்டது ‘யூகலிப்டஸ்’. 1788இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெரிட்டியே வைத்த பெயர் இது. ஏன் அப்படிப் பெயரிட்டார் என்று அறிய நீலகிரியில் தைலமர மொட்டு ஒன்றை எடுத்துப் பாருங்கள். கிண்ணம் போன்ற அடிப்பகுதி, அதன்மேல் கூம்பாக ஒரு மூடி. மலரும் நேரத்தில் அந்த மூடி வட்டமாக வெட்டுவிட்டுக் கழன்று விழும், உள்ளிருந்து வெள்ளைக் கேசரங்கள் பீறிட்டு விரியும். மரத்தடியில் இந்தக் குட்டி மூடிகள் உதிர்ந்து கிடக்கும்.

வடமொழிப் பக்கமும் ஒரு கிளை உண்டு. அங்கே அந்த முதலொலி ‘ச’ ஆயிற்று. காப்பு, ஒதுங்கும் கூரை என்ற பொருளில் வரும் ‘சரண’, ‘சர்மன்’ என்ற சொற்களை மொழியியலார் பலர் இந்த வேரோடு சேர்க்கிறார்கள். சரணம், சரணாகதி, சர்மா.

ஞாயிறுவகுப்பு எழுதியது:

ஐயா, சர்மா என்றதும் எனக்கு வில்லியம் நினைவுக்கு வருகிறது. எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு வில்லியம் இருப்பார். அதன் ஜெர்மன் வடிவம் ‘வில்ஹெல்ம்’. மனஉறுதி, ஹெல்ம் என்ற இரண்டும் சேர்ந்த பெயர் அல்லவா?

வேர்ச்சொல் எழுதியது:

ஆம், ‘வில்’ என்பது விருப்பம், உறுதி. ‘ஹெல்ம்’ காப்பு. பிரெஞ்சில் அது ‘கியோம்’ ஆயிற்று, இத்தாலியத்தில் ‘குலியெல்மோ’, ஸ்பானியத்தில் ‘கியெர்மோ’. நார்மாண்டிப் பிரெஞ்சு மட்டும் முன்னால் இருந்த ‘வ’ ஒலியை விடவில்லை. 1066இல் இங்கிலாந்தை வென்ற மன்னனோடு அந்த வடிவம் கடல் கடந்து ‘வில்லியம்’ ஆகியது. பெயரின் கடைசியில் எஞ்சியிருக்கும் ‘யம்’மைப் பார்த்து அது இரும்புத் தொப்பியின் மிச்சம் என்று யாருக்கும் தோன்றாது. சர்மாவும் வில்லியமும் பக்கத்து வீட்டுக்காரர்களாக இருந்தால், பெயரால் சொந்தக்காரர்கள்.

கீழடிமகன் எழுதியது:

ஒலி வரிசை பற்றிச் சொன்னதைப் படித்தேன் ஐயா. அப்படி ஒரு வரிசை கிடைக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டு வருகிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். உறவே இல்லாவிட்டாலும், தமிழன் தலைக்குப் போட்டதற்குச் சொல் இல்லாமலா இருந்தான்? ‘தலைக்கவசம்’ என்பதில் கவசம் வடசொல். பழந்தமிழில் என்ன?

ஞாயிறுவகுப்பு எழுதியது:

பழந்தமிழ் பற்றித் தெரியாது. ஆனால் பைக் வருவதற்கு வெகுகாலம் முன்பே தமிழில் ஹெல்மெட்டுக்கு அச்சேறிய சொல் ஒன்று இருந்தது: தலைச்சீரா. கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். எபேசியர் ஆறாம் அதிகாரம்: ‘இரட்சணியமென்னும் தலைச்சீராவையும், தேவவசனமாகிய ஆவியின் பட்டயத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள்.’ கோலியாத் தலையில் போட்டிருந்ததும் வெண்கலச் சீராதான். அந்த வசனத்தைச் சொல்லி வளர்ந்த எனக்கு, கடையில் முதன்முதலாக ஹெல்மெட் வாங்கியபோது ‘தலைச்சீரா’ என்றுதான் மனதுக்குள் ஓடியது.

மெய்ப்புமேசை எழுதியது:

சீறாப்புராணத்தில் வருகிற சீறாவா இது?

ஞாயிறுவகுப்பு எழுதியது:

இல்லை அக்கா. உமறுப்புலவர் காப்பியத்தில் இருப்பது வல்லின றகரம். வாழ்க்கை வரலாறு என்று பொருள்படும் ‘சீரத்’ என்ற அரபுச் சொல் அது. தலைச்சீராவில் இடையின ரகரம். சீரா என்றால் கவசம். பாரசீகத்திலும் உருதுவிலும் இரும்பு வளையங்கள் கோத்த சட்டையை ‘ஸிரஹ்’ என்கிறார்கள். ஒலியும் பொருளும் அதோடு நெருங்கி நிற்கின்றன.

வேர்ச்சொல் எழுதியது:

நீங்கள் காட்டிய எபேசியர் வசனம் இந்த இழைக்கு எவ்வளவு பொருத்தம் தெரியுமா! ஜெர்மானிய மொழிகளில் நீண்ட உரைநடையாக நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழையது, 4ஆம் நூற்றாண்டில் உல்ஃபிலா என்ற ஆயர் கோத்திய மொழியில் பெயர்த்த விவிலியம். அதில் இதே வசனத்தில் ‘ஹில்ம்’ என்று வருகிறது. ‘ஹில்ம் நஸெய்னைஸ்’, இரட்சிப்பின் ஹெல்ம். கிரேக்க மூலத்தில் ‘பெரிகெஃபலையா’, தலையைச் சுற்றியிருப்பது. ஒரே வசனத்துக்காகக் கோத்தியர் ‘ஹில்ம்’ என்ற சொல்லை எடுத்தார்கள், தமிழர் ‘தலைச்சீரா’வை எடுத்தோம்.

வஞ்சிநகர் எழுதியது:

இரண்டு நாளாக இழையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். ‘அடிப்படைப் பொருள் மறைப்பு’ என்று வேர்ச்சொல் ஐயா எழுதியதிலிருந்து என் மனம் பதிற்றுப்பத்தை விட்டு நகரவில்லை. கீழடிமகனின் கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பழந்தமிழில் கவசத்துக்கு ஒரு சொல் ‘மெய்ம்மறை’. மெய்யை மறைப்பது. சட்டை போலப் போர்க்களத்தில் உடம்பை மூடும் காப்பு. பழைய உரைகாரர் இதை ‘மெய்புகு கருவி’ என்கிறார். உடம்பு உள்ளே புகுந்துகொள்ளும் கருவி! எவ்வளவு துல்லியமான விளக்கம். இதைவிடப் பெரிய விஷயம் என்னவென்றால், பதிற்றுப்பத்தில் இந்தச் சொல் பெரும்பாலும் மன்னனைக் குறிக்கவே வருகிறது. இரண்டாம் பத்தில் குமட்டூர்க் கண்ணனார் இமயவரம்பன் நெடுஞ்சேரலாதனைச் ‘சான்றோர் மெய்ம்மறை’ என்று அழைக்கிறார். பதினான்காம் பாட்டுக்குப் பெயரே அதுதான். சான்றோர் என்பது இங்கே பட்டம் பெற்ற பெரியவர்களையல்ல, போரில் நிலைகுலையாத வீரர்களைக் குறிக்கும். அவர்களுக்கு முன்னால் சென்று, வருகிற அம்பையும் வேலையும் தன்மேல் ஏற்பவன் என்பதால் மன்னன் அவர்களுக்குக் கவசம். ‘மழவர் மெய்ம்மறை’, ‘வில்லோர் மெய்ம்மறை’ என்றும் அந்தத் தொகையில் வேறு இடங்களில் விளிக்கிறார்கள்.

மறை என்ற சொல்லை யோசியுங்கள். மறைத்தல், மறைந்திருத்தல், கேடயம், இரகசியம், கடைசியில் வேதம். வேதத்துக்கு மறை என்று பெயர் வைத்ததும், மேலே ஐயா சொன்ன ‘அக்கல்ட்’டும் பொருளால் எவ்வளவு அருகில் நிற்கின்றன!

வேர்ச்சொல் ஐயாவிடம் என் கேள்வி: ஆங்கிலத்திலும் மன்னனை ஹெல்ம் என்று அழைத்தது உண்டா?

வேர்ச்சொல் எழுதியது:

வஞ்சிநகர், நீங்கள் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டேன். உண்டு!

பழைய ஆங்கிலத்தின் மாபெரும் காப்பியம் பேயோவுல்ஃப். ஆயிரம் ஆண்டுப் பழமையான ஒரே ஒரு கையெழுத்துப் படி வழியே பிழைத்து வந்தது. அதில் டென்மார்க் மன்னன் ஹ்ரோத்கார் பேசத் தொடங்கும்போது புலவர் அவனை ‘ஹெல்ம் ஸ்கில்டிங்கா’ என்று அடைமொழி கொடுத்து அறிமுகம் செய்கிறார். ஸ்கில்டிங்குகள் அவனுடைய குடி. ‘ஸ்கில்டிங்குகளின் ஹெல்ம்’. அந்தக் குடியின் முதல்வன் பெயர் ஸ்கில்ட், அதாவது கேடயம். கேடயக் குடியினரின் தலைக்காப்பு என்று விரித்துச் சொல்லலாம். ‘சான்றோர் மெய்ம்மறை’ என்பதன் அமைப்பும் இதுதான்: வீரர் கூட்டத்தின் பெயர், அதன்பின் மறைப்பு என்று பொருள்படும் கவசத்தின் பெயர், இரண்டும் சேர்ந்து மன்னன்.

தொடர்பே இல்லாத இரண்டு மொழிகள், ஒன்றையொன்று பார்த்திராத இரண்டு புலவர் மரபுகள். மறைத்தல் என்ற வினையிலிருந்து கவசத்துக்கும், கவசத்திலிருந்து மன்னனுக்கும் இரண்டும் ஒரே பாதையில் நடந்திருக்கின்றன. கீழடிமகன் தம்பி, ‘கள்’ளை வைத்து உறவு தேடியதைவிட இது எனக்குப் பெரிதாகப் படுகிறது. தமிழ் யாருக்கும் தாய் என்று நிறுவாமலே, அந்தப் புலவனும் நம் புலவனும் ஒன்றாக யோசித்தார்கள் என்று காட்டிவிட்டது.

இன்னொன்றும் உண்டு. அதே காப்பியத்தில் இருட்டுகிற நேரத்தை ‘நிஹ்ட்ஹெல்ம்’ கருத்தது என்கிறார் புலவர். இரவின் ஹெல்ம். இங்கே தலையும் இல்லை, இரும்பும் இல்லை, வெறும் மூடல் மட்டுமே. வட இங்கிலாந்தின் கிராஸ் ஃபெல் மலையில் ‘ஹெல்ம் காற்று’ என்று ஒரு காற்று வீசும். அது வீசும்போது மலையுச்சியை மூடிக்கொண்டு ஒரு மேகம் நிற்கும். பழைய பொருள் அந்த ஊர்க்காரர் வாயில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

கீழடிமகன் எழுதியது:

‘சான்றோர் மெய்ம்மறை’யைப் பள்ளியில் படிக்கவே இல்லை. இன்றே பதிற்றுப்பத்தை எடுக்கிறேன். வஞ்சிநகருக்கு நன்றி.

என் முன்மொழிவு: உடம்புக்கு மெய்ம்மறை என்றால் தலைக்குத் ‘தலைமறை’ என்றே வைக்கலாமே! தூய தமிழ்.

மெய்ப்புமேசை எழுதியது:

அழகான ஆக்கம்தான் தம்பி. ஆனால் ‘தலைமறைவு’ என்ற சொல் முன்பே அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. ‘தலைமறை அணிந்து சென்றார்’ என்று எழுதினால் போலீசுக்குத் தப்பி ஓடுகிறவர் என்றுதான் பிள்ளைகள் படிப்பார்கள்.

தோணித்துறை எழுதியது:

மறைப்பு, மறைப்பு என்று சொல்கிறீர்கள், ஆனால் ஹெல்மெட் மறைப்பதற்காகச் செய்ததில்லையே. அடிபடாமல் இருக்கச் செய்தது. பழைய ஆங்கில வீரன் அணிந்தது எப்படி இருந்தது? முகத்தை மூடியதா?

வேர்ச்சொல் எழுதியது:

எல்லாம் மூடவில்லை. ஆனால் மூடியதற்குக் கண்கூடான சாட்சி லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. 1939இல் இங்கிலாந்தின் சஃபக் பகுதியில், சட்டன் ஹூ என்ற இடத்து மண்மேட்டைத் தோண்டியபோது ஒரு முழுக் கப்பலோடு புதைக்கப்பட்ட அரசனின் சமாதி கிடைத்தது. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கம். அதிலிருந்த ஹெல்மெட் நூற்றுக்கணக்கான துருப்பிடித்த துண்டுகளாக நொறுங்கிக் கிடந்தது. ஒருமுறை ஒட்டிச் சேர்த்தார்கள், சரியில்லை என்று 1970களின் தொடக்கத்தில் பிரித்து மறுபடியும் சேர்த்தார்கள்.

இரும்புக் கவிகை, கன்னத்துக்கு இருபுறமும் தகடுகள், பிடரிக்கு ஒரு தகடு, முன்னால் மனித முகமாகவே வார்த்த முகமூடி. அந்த முகத்தின் புருவங்கள் இரண்டும் இறக்கைகள், மூக்கு உடல், மீசை வால். சேர்த்துப் பார்த்தால் முகத்தின் நடுவே ஒரு பறவை மேல்நோக்கிப் பறக்கிறது. புருவங்களின் நுனியில் காட்டுப்பன்றித் தலைகள். புருவ ஓரத்தில் சிவப்புக் கற்கள் பதித்திருக்கிறார்கள். ஒரு புருவத்தில் மட்டும் கற்களுக்கு அடியில் பொன்தகடு வைத்திருக்கிறார்கள், மறுபுருவத்தில் இல்லை. தீ வெளிச்சத்தில் ஒரு கண் மட்டும் ஒளிர்ந்திருக்கும். ஒற்றைக்கண் கடவுளான ஓடினின் சாயல் என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

அதை அணிந்தபின் உள்ளே இருக்கும் மனிதன் தெரிய மாட்டான். ஆகவே மறைப்பதும் காப்பதும் அவர்களுக்கு இரண்டல்ல. கிரேக்கரிடமும் இதே எண்ணம் இருந்தது. பாதாளத்தின் தலைவன் ஹேடீஸின் தலைக்காப்பை அணிந்தால் உருவமே மறைந்துவிடும் என்பது அவர்கள் கதை. கிரேக்கக் காப்பியமான இலியட்டில் அதீனா தேவி அதை அணிந்துதான் போர்க்களத்தில் போர்க்கடவுள் அரேஸின் கண்ணில் படாமல் நிற்கிறாள்.

பொதிகைச்சாரல் எழுதியது:

காட்டுப் பக்கமிருந்து ஒரு சிறு சேர்க்கை. ஹெல்மெட்டுக்குப் பிரெஞ்சில் இப்போது ‘காஸ்க்’ என்கிறார்கள். ஐ.நா. அமைதிப் படையினருக்கு அங்கே ‘நீலக் காஸ்க்’ என்று பெயர். ஸ்பானியத்தின் ‘காஸ்கோ’விலிருந்து வந்தது, அதற்கு உடைந்த ஓடு, மண்டையோடு என்றெல்லாம் பொருள். ஆங்கிலப் பறவையியலாளர் அந்தக் ‘காஸ்க்’கை எடுத்து, இருவாச்சியின் அலகுக்கு மேலே இருக்கும் புடைப்புக்குப் பெயராக வைத்தார்கள்.

வால்பாறையில் மலை இருவாச்சியைப் பார்த்தவர்களுக்கு அந்த மஞ்சள் புடைப்பு மறக்காது. பெரும்பாலும் உள்ளே பொள்ளல். ஆண் பறவைகள் பறந்தபடியே வானத்தில் அதை ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். ஐரோப்பியர் கண்ணுக்கு அது தலைக்காப்பு. நம் மக்கள் கண்ணுக்கு இரண்டாவது வாய், அதனால் இருவாய்ச்சி, இருவாச்சி. நம் பெயர்தான் எனக்குப் பிடித்தது.

நெட்டிப்பூ எழுதியது:

தஞ்சாவூர்க்காரன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. வெள்ளைக்கார அதிகாரிகள் வெயிலுக்கு அணிந்த அந்த வெள்ளை ‘சோலா தொப்பி’யும் ஆங்கிலத்தில் ஒரு ஹெல்மெட்தான். சூரியனுக்கான தொப்பி என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். சோலா என்பது நீர்நிலையில் வளரும் ஒரு செடிக்கு வங்காளத்தில் உள்ள பெயர். நமக்கு அது நெட்டி. அதன் தண்டின் வெண்மையான சதையைச் சீவித்தான் எங்கள் ஊர்க் கைவினைஞர்கள் பெரிய கோவிலையும் சிலைகளையும் செய்கிறார்கள். 2020இல் தஞ்சாவூர் நெட்டி வேலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கையில் எடுத்தால் எடையே தெரியாது. வாள்வெட்டையும் தாங்காது, வண்டியிலிருந்து விழுந்தாலும் காக்காது. வெயிலை மறைக்கும், அவ்வளவுதான். வேர்ச்சொல் ஐயா சொன்ன பழைய பொருளுக்கு இதுதான் சரியான ஹெல்மெட்.

கருப்புக்கோட்டு எழுதியது:

கையேடு பற்றிய பேச்சு பாதியில் நிற்கிறது. மெய்ப்புமேசை அம்மாவுக்குச் சட்டப்பக்கம் உதவக்கூடும்.

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு ‘பாதுகாப்புத் தலையணி’ என்ற பொருள்படும் சொல்லைத்தான் கட்டளைக்குப் பயன்படுத்துகிறது. அது என்ன என்று விளக்கும் இடத்தில்தான் ‘ஹெல்மெட்’ வருகிறது, அதுவும் இரண்டு நிபந்தனைகளோடு. ஒன்று, வடிவத்தாலும் பொருளாலும் கட்டமைப்பாலும் விபத்தில் ஓரளவு காப்பாற்றும் என்று எதிர்பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். இரண்டு, வாராலோ வேறு பிணைப்பாலோ தலையோடு உறுதியாகக் கட்டப்பட்டிருக்க வேண்டும். கட்டாமல் தலையில் கவிழ்த்து வைத்திருப்பதும், முழங்கையில் மாட்டியிருப்பதும் இந்த விளக்கத்துக்குள் வராது. தலைப்பாகை அணியும் சீக்கியருக்கு விலக்கு உண்டு. 2019 திருத்தம் நான்கு வயதுக்கு மேற்பட்ட அனைவரையும் உள்ளே கொண்டுவந்தது. தரத்துக்கு இந்தியத் தர அமைவனத்தின் ஐ.எஸ். 4151 என்ற எண். தமிழ்நாட்டில் 2007 ஜூன் 1 முதல் கட்டாயம் என்று அறிவித்தார்கள், நடைமுறை தளர்ந்தது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பின் 2015 ஜூலை 1 முதல் மீண்டும் இறுக்கினார்கள்.

இந்தச் சட்டங்களுக்கெல்லாம் முன்னோடி ஒரு மரணம். 1935இல் ‘அரேபியாவின் லாரன்ஸ்’ என்று அறியப்பட்ட டி. இ. லாரன்ஸ் இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவரைக் கவனித்த மருத்துவர்களில் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற நரம்பு அறுவை நிபுணர். அந்த இழப்பு அவரை விடவில்லை. மோட்டார் சைக்கிள் ஓட்டுகிற ராணுவத்தினரின் தலைக்காயங்களை ஆராய்ந்து, ஹெல்மெட்டின் பயனை 1941இல் மருத்துவ இதழில் எழுதினார். அதன்பிறகுதான் பிரிட்டிஷ் ராணுவம் கட்டாயமாக்கியது.

பிள்ளைகளுக்கு இன்னொன்றும் எழுதுங்கள். இன்றைய ஹெல்மெட்டில் உயிரைக் காப்பது வெளி ஓடு மட்டுமல்ல. உள்ளே இருக்கும் நுரைப் படலம் நசுங்கி அடியை வாங்கிக்கொள்கிறது. ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை வெளியே கீறல் இல்லை என்று மீண்டும் அணியக் கூடாது.

மெய்ப்புமேசை எழுதியது:

இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லோருக்கும் நன்றி. கையேட்டில் ‘தலைக்கவசம்’ என்றே வைக்கிறேன். ‘தலைக்கவசம் உயிர்க்கவசம்’ என்று சாலையோரப் பலகைகளில் பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படித்த சொல் அது. உரையாடல் வரும் இடங்களில் ‘ஹெல்மெட்’ இருக்கட்டும். ‘தலைக்காப்பு’ வேண்டாம். தலைச்சீராவுக்கும் மெய்ம்மறைக்கும் ஆசிரியர் பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தி கேட்டிருக்கிறேன். வஞ்சிநகர், வேர்ச்சொல் ஐயா இருவரும் எழுதித் தர வேண்டும்.

கருப்புக்கோட்டு ஐயா சொன்ன கட்டும் பகுதிக்கு என்ன எழுதுவது? மூலத்தில் ‘தாடை நாடா’ என்று இருக்கிறது.

நெட்டிப்பூ எழுதியது:

நாடா என்றால் பாவாடை நாடா, கோப்பு நாடா நினைவுக்கு வரும். ‘வார்’ நல்ல சொல். செருப்பு வார், மேள வார் என்று இழுத்துக் கட்டுவதற்கே வழங்குகிறது.

வஞ்சிநகர் எழுதியது:

‘தாடைவார்’ என்று சேர்த்தே எழுதுங்கள். பெட்டிச் செய்தியை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புகிறேன்.